மருமகனின் சுப்பர்சார்ஜர்

கட்டாரிலிருந்து கப்பலில் வந்த பெட்டியைத் திறந்த அன்று ஆதம்பாவா ஒரேயொரு வசனம்தான் சொன்னார். அந்த ஒரு வசனத்தால் நெல் ஏற்றுகிற அவருடைய கெப் வண்டி குடல் வேறு ஈரல் வேறாகக் கழன்று வளவெல்லாம் பரந்து கிடக்கப்போகிறது என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், மனிதர் வாய் நிறைய வெற்றிலையை அடைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பார்.

பெட்டி இளைய மருமகன் அப்ராசுடையது. கட்டாரில் ஒரு கராஜில் பல வருஷம் வேலை செய்தவன். ஊருக்கு வந்து ஆதம்பாவாவின் இளைய மகள் றஸ்னாவைக் கலியாணம் முடித்துச் சில மாதங்கள் கழிந்த பிறகுதான் பெட்டி ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. உள்ளே கம்பளிகள், பால்மா, அத்தர் போத்தல்கள், மாமிக்கென்று ஒரு பெரிய பிரியாணிச் சட்டி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கம்பளிக்குள் கைக்குழந்தையைப் போலச் சுற்றி வைத்திருந்தது வெள்ளி நிறத்தில் ஒரு கனத்த சாமான். இரண்டு பேர் சேர்ந்து மூச்சைப் பிடித்துத்தான் அதைத் தூக்கிப் பாயில் வைத்தார்கள்.

"இது என்ன மருமகன்?"

"சுப்பர்சார்ஜர் மாமா. எஞ்சினுக்குக் காத்து அடிச்சுக் குடுக்கிற சாமான். எஞ்சினில பொருத்திப் பூட்டினா வண்டி இன்னும் நல்லா இழுக்கும்."

எஞ்சினுக்கு எதற்குக் காத்து என்று ஆதம்பாவாவுக்கு விளங்கவில்லை. ரயருக்குக் காத்து அடிப்பார்கள், அடுப்புக்கு ஊதுவார்கள், எஞ்சினுக்கு டீசல்தானே ஊற்றுவது? ஆனால் மருமகன் கடல் தாண்டிக் கொண்டுவந்த சாமானைப் பார்த்து "ஆ, அப்பிடியா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போனால் அவன் மனம் என்ன பாடுபடும்? அதற்காகத்தான் அந்த வசனத்தைச் சொன்னார்.

"நம்மட கெப்புக்குப் பூட்டினா எப்பிடி இரிக்கும்?"

அப்ராஸ் ஒரு கணம் திருதிருவென்று முழித்தான். பிறகு, "பூட்டுவமா மாமா?" என்றான்.

"உங்களுக்கு விருப்பமெண்டா பூட்டுவம்."

"உங்களுக்கு விருப்பமெண்டா எனக்கும் விருப்பம்தான் மாமா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். காரியம் முடிவாகிவிட்டது. இதில் உண்மையாக யாருக்கு விருப்பம் இருந்தது என்று கேட்டால் படைத்தவனுக்குத்தான் வெளிச்சம்.

ஆதம்பாவா கோழை இல்லை. வயலில் தண்ணீர்ச் சண்டை என்றால் மண்வெட்டியோடு முதல் ஆளாக நிற்பவர்தான். கல்முனைச் சந்தியில் அவருடைய தொண்டைக்கு ஓட்டோக்காரர்கள் வழிவிடுவார்கள். ஆனால் மாப்பிள்ளை என்று வந்துவிட்டால் மனிதர் பூனைக்குட்டி. அதற்குக் காரணம் பக்கத்து வளவில் நீலச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு பூட்டிக் கிடந்தது.

அது மூத்த மகள் பஸ்மினாவுக்கென்று கட்டிய வீடு. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்குக் கூட்டிவருகிற ஊர் இது. பஸ்மினாவின் மாப்பிள்ளை முபீனும் அப்படித்தான் வந்தான். ஒரு நாள் காலையில், வெயில் முற்றத்துக்கு இறங்கிவிட்ட நேரம், ஆதம்பாவா வேலியோரம் நின்று, "மருமகன் இன்னும் எழும்பல்லியா?" என்று கேட்டார். கேட்டது மகளிடம். கேட்டது முபீனுக்கும். அன்று பகலே அவன் உடுப்பை எடுத்துக்கொண்டு சம்மாந்துறையில் இருக்கிற தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டான். பள்ளிவாசல் மரைக்காயர்மார் போய்ப் பேசினார்கள். வார்த்தையில் பிழை இல்லை, கேட்ட தொனியில்தான் பிழை என்றானாம் அவன். கடைசியில் பஸ்மினாதான் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டில் போய் இருக்க வேண்டியதாயிற்று. பெண்ணைப் பெற்றவனுக்கு இந்த ஊரில் அதைவிடத் தலைகுனிவு கிடையாது. கிழமைக்கொரு தரம் அந்த வளவைக் கூட்டிப் பெருக்கும்போது ஆதம்பாவா யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை.

இந்த வீட்டுக்கும் பூட்டு விழுந்துவிடக் கூடாது. அப்ராஸ் வந்த நாளிலிருந்து அவருக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

ஆகவே கழற்றினார்கள். முதலில் பொனட். பிறகு காத்து வடிகட்டிப் பெட்டி, அதற்குப் பின்னால் ஓடிய குழாய்கள், பிறகு பெல்ற், பிறகு பெட்டறி. அப்ராஸ் அளவு நாடாவைப் பிடிப்பான், ஒரு பக்கம் சரிந்து பார்ப்பான், மறுபக்கம் சரிந்து பார்ப்பான், பெருமூச்சு விடுவான்.

"என்ன மருமகன்?"

"இடம் காணாது போல மாமா."

"அப்ப?"

"இன்னும் கொஞ்சம் கழட்டிப் பாப்பமா?"

"ஓம், ஓம். பாப்பம்."

ஆதம்பாவா கழன்ற ஆணிகளைப் பிஸ்கற் ரின்களில் போட்டு மூடினார். எந்த ஆணி எந்த ரின்னில் என்பது முதலில் ஞாபகம் இருந்தது. பிறகு ரின்களும் போதாமல் சட்டிகளுக்கு வந்தது. பாயில் கிடந்த சுப்பர்சார்ஜர் மட்டும் வைத்த இடத்திலேயே குந்திக்கொண்டிருந்தது. பூட்ட வேண்டிய சாமான் பூட்டுப்படவில்லை, பூட்டியிருந்த சாமான்கள்தான் கழன்றுகொண்டிருந்தன. இது என்ன வேலை, எந்தப் பக்கத்தால் முன்னேறுகிறது என்று மனிதருக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. விளங்காததைக் கேட்கவும் பயம். கேட்கிற தொனியில் பிழை வந்துவிட்டால்?

மருமகனோடு நேரே பேசுகிற வழக்கம் இல்லாத மாமி சுபைறா கதவுக்குப் பின்னால் நின்றபடி மகளை ஏவுவாள். "மருமகனுக்குத் தேத்தண்ணி வேணுமாண்டு கேளு புள்ள." மருமகன் எட்டுகிற தூரத்தில்தான் நிற்பான், அவன் காதிலும் நன்றாகத்தான் விழும். இருந்தாலும் றஸ்னா போய், "தேத்தண்ணி வேணுமா?" என்று கேட்பாள். "மாமிக்குக் கரைச்சல் வேணாமெண்டு செல்லுங்க" என்பான் அவன். அதுவும் சுபைறாவின் காதில் நன்றாகத்தான் விழும். ஆனாலும் றஸ்னா திரும்பி வந்து சொல்லும்வரை காத்திருந்து, பிறகுதான் கேத்தலை அடுப்பில் வைப்பாள்.

"மருமகனிட்ட ஒரு வார்த்தை கேளுங்களன்" என்றாள் சுபைறா குசினி அடுப்படியில். "அறுவடை வருகுது. கெப்பு இல்லாம நெல்ல எதில ஏத்துற?"

"முபீனிட்டயும் ஒரு வார்த்தைதான் கேட்ட நான்" என்றார் ஆதம்பாவா.

அவரே ஒரு யோசனை செய்து மகளைத் தூது விட்டார். இந்தச் சாமானைப் பூட்டுவதில் மருமகனுக்கு எவ்வளவு ஆசை என்று மெல்லக் கதை கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஆசை கொஞ்சம்தான் என்றால் மெதுவாக வேறு கதைக்குத் திருப்பலாம் என்று நினைப்பு. றஸ்னா போய்க் கேட்டு வந்தாள்.

"வாப்பாட ஆசைக்குத்தானாம் செய்றாரு."

ஆதம்பாவாவுக்கு நெஞ்சு உருகிவிட்டது. "பாத்தியா புள்ள, எவ்வளவு மரியாத! தன்ட ஆசையக்கூட என்ட தலையில வெச்சுச் செல்றாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "மருமகன்ட ஆசைதான் எனக்குப் பெரிசு எண்டு போய்ச் செல்லு" என்றார்.

றஸ்னா போய்ச் சொன்னாள். அதைக் கேட்ட அப்ராஸ் வானத்தைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான், பிறகு வந்து றேடியேற்றரையும் கழற்றினான்.

நற்பிட்டிமுனைப் பக்கத்து வயல் வட்டையில் ஆதம்பாவாவின் நெல் விளைந்து நின்றது. வெட்டும் மெசின் இன்னும் சில நாளில்தான் வருவதாகப் பேச்சு. ஆனால் மெசின்காரன் அடுத்த வயலை முடித்த கையோடு, சொல்லாமல் கொள்ளாமல் இவருடைய வயலிலும் இறங்கிவிட்டான். "காக்கா, நெல்லு விரிச்ச படங்கில குவிஞ்சு கிடக்கு. கெப்ப எடுத்துக்கிட்டு கெதியா வாங்க, கடல் பக்கம் கறுத்துக்கிட்டு வருகுது" என்று போனில் கத்தினான்.

ஆதம்பாவா கெப்பைப் பார்த்தார். கெப்பும் திறந்த வாயோடு அவரைப் பார்த்தது.

"மருமகன்," என்றார் இயன்ற மட்டும் மெதுவாக. "இண்டைக்குப் பூட்டி முடிச்சிரலாமா?"

அப்ராஸ் கையிலிருந்த துணியை முறுக்கினான். "மாமா, ஒண்டு செல்லணும். இது இந்த எஞ்சினில பூட்ட ஏலா."

"என்ன?"

"இது பெற்றோல் எஞ்சினுக்குரிய சாமான். பெரிய எஞ்சின். நம்மடது டீசல். இதில ஏற்கனவே காத்து அடிக்கிற சாமான் ஒண்டும் இரிக்கு."

"எங்க இரிக்கு?"

"அந்தா, முந்தாநாள் கழட்டி வெச்சமே, சட்டிக்குப் பக்கத்தில."

ஆதம்பாவா சட்டிக்குப் பக்கத்தில் பார்த்தார். நத்தை போல ஒன்று எண்ணெய் வடிந்தபடி கிடந்தது.

"இது ஏலாதெண்டு எப்ப தெரியும்?"

"முதல் நாளே தெரியும் மாமா."

"அப்ப என்னத்துக்கு இத அங்கயிருந்து கொண்டு வந்தீங்க?"

"கராஜ் முதலாளி அறபி தந்தான். மகன்ட வண்டியில கழட்டினதாம். நான் ஊருக்கு வாற நேரம் தன்ட கையால தூக்கித் தந்தான். வேணாமெண்டா மனம் நோகுமெண்டு வாங்கின."

"அப்ப என்னத்துக்கு நம்மட கெப்பக் கழட்டினீங்க?"

"நீங்க ஆசைப்பட்டீங்களே மாமா."

"நான் எப்ப ஆசைப்பட்ட?"

"பூட்டினா எப்பிடி இரிக்குமெண்டு நீங்கதானே கேட்டீங்க."

அந்த இடத்தில் ஆதம்பாவாவுக்குள் அத்தனை மாதமாக மூடி வைத்திருந்த ஏதோ ஒன்று மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. வயலில் தண்ணீர்ச் சண்டைக்கென்று இருக்கிற தொண்டை அது. வீட்டுக்குள் யாரும் கேட்டதில்லை.

"மடையா! முதல் நாளே தெரிஞ்சா முதல் நாளே வாயத் திறந்து செல்ல வேணாமா? செல்லாம வண்டியக் கழட்டிக் கழட்டி வளவெல்லாம் பரப்பி வெச்சிரிக்கயே! அறிவிரிக்காடா உனக்கு?"

மா இடித்துக்கொண்டிருந்த பின்வீட்டு உரலும் நின்றுவிட்டது. கதவுக்குப் பின்னால் சுபைறா "யா அல்லாஹ்" என்றாள். றஸ்னா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்ராஸ் மாமாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். துணியில் கையைத் துடைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு படலையைத் திறந்து வெளியே போய்விட்டான்.

ஆதம்பாவா வாயை மூடிக்கொண்டார். மூடி என்ன பிரயோசனம்?

றஸ்னா அப்ராசுக்குப் போன் எடுத்தாள். அவனுடைய போன் கெப்பின் மட்காட்டின்மேல் கிடந்து கத்தியது. போனைக்கூட எடுக்காமல் போயிருக்கிறான் என்றால் எவ்வளவு மனம் நொந்திருக்க வேண்டும்! "ரெண்டாவதும் போயிட்டு" என்று சுபைறா சுவரோடு சாய்ந்து அழத் தொடங்கினாள். றஸ்னா அழவில்லை. வாப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் அழுதிருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலை.

நெல்லும் மழையும் மறந்துபோயின. ஆதம்பாவா கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினார். அப்ராசின் உம்மா வீடு நிந்தவூரில். சாய்ந்தமருது, காரைதீவு என்று பஸ் நின்று நின்று போகிற நேரமெல்லாம் சொல்ல வேண்டிய வார்த்தைகளை வாய்க்குள் அடுக்கினார். மாப்பிள்ளை வெளியே வந்தால் எப்படிக் கதைப்பது, வராவிட்டால் எப்படிக் கதைப்பது, மரைக்காயர்மாரை எப்போது கூப்பிடுவது, எல்லாம் யோசித்தார். அவன் அங்கே இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

சம்மந்தி ஹாஜறா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஸலாம் சொல்லி முடிக்குமுன்பே ஆதம்பாவா கொட்டிவிட்டார்.

"சம்மந்தி, எனக்கு வாய் தடுமாறிப் போச்சு. மருமகன மடையன் எண்டு ஏசிட்டன். அறிவிரிக்காடா எண்டும் கேட்டுட்டன். அவர வெளிய வரச் செல்லுங்க, நான் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிக்கிட்டுப் போறன்."

ஹாஜறாவின் கையில் கீரைக் காம்பு அப்படியே நின்றது. "என்ட மகன் இஞ்ச வரல்லியே" என்றாள்.

"வரல்லியா?"

"வரல்ல." பிறகுதான் மற்றது அவளுக்கு உறைத்தது. "என்ட மகனயா மடையன் எண்ட நீங்க? வாப்பா மௌத்தாப் போன புள்ளய ஒரு கடும் வார்த்த செல்லாம வளத்திரிக்கன் நான். உங்கட ஊட்ட ஏச்சு வாங்கவா அனுப்பின?"

ஆதம்பாவாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்றால் அந்தப் பிள்ளை எங்கே? அவன் சொல்லாத ஒரு விஷயத்தை இவராகவே பஸ் ஏறி வந்து அவனுடைய உம்மாவிடம் சொல்லி ஒப்புக்கொடுத்த கெட்டித்தனம் மெல்ல மெல்லத்தான் மண்டையில் ஏறியது. அதற்குள் ஹாஜறா அபாயாவைப் போட்டு, ஓட்டோ ஒன்றைக் கூப்பிட்டு, மகனின் உடுப்பை அள்ளி வர ஒரு வெறும் பையையும் கையில் எடுத்துவிட்டாள். அவள் பின்சீற்றில் இருந்தாள். ஆதம்பாவா சாரதியின் பக்கத்தில் பாதி உடம்பை வெளியே விட்டுத் தொங்கிக்கொண்டு வந்தார். கல்முனைக்குடி வரும்வரை பையின் சரசரப்பு மட்டும் பின்னாலிருந்து அவரை ஏசிக்கொண்டே வந்தது.

படலையைத் திறந்தபோது அப்ராஸ் கெப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றான். கை முழங்கைவரை கறுப்பு. காலடியில் ஒரு கடைப் பை.

"எங்க போன?" என்று கேட்க வாயெடுத்து, தொனி எப்படி வருமோ என்று பயந்து, ஆதம்பாவா வாயை மூடிக்கொண்டார்.

"கஸ்கட் எடுக்கக் கடைக்குத்தான் போயிரிக்காரு" என்றாள் றஸ்னா. வாப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. "பழைய கஸ்கட்டப் போட்டா எண்ணெய் கசியுமாம்."

"மகன்!" ஹாஜறாவின் குரல் வளவுக்கே கேட்டது. "கைய கழுவு. உடுப்ப எடு. நம்மட ஊட்ட போவம்."

அப்ராஸ் தலையை வெளியே எடுத்தான். "என்னத்துக்கு உம்மா?"

"உன்ன மடையன் எண்டு ஏசினாராமே. அவரே வந்து செல்றாரு."

அப்ராஸ் மாமாவைப் பார்த்தான். ஆதம்பாவா நிலத்தைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் சுபைறாவின் சேலை அசையாமல் நின்றது. பக்கத்து வளவின் நீலச் சுவர் மாமாவின் முதுகுக்குப் பின்னால் நீண்டு கிடந்தது. பூட்டுத் தயாராகிவிட்டது என்றுதான் அவர் நினைத்தார்.

"ஏசினாருதான்" என்றான் அப்ராஸ். "மடையன் வேலை செஞ்சா மடையன் எண்டுதான் ஏசுவாங்க. முதல் நாளே செல்லியிரிக்கணும் நான்."

"மகன்—"

"உம்மா, நான் இஞ்ச வந்த நாளில இருந்து ஒரு ஆள் என்னோட மனம் திறந்து கதைக்கல்ல. கறித்துண்டெல்லாம் என்ட கோப்பையில. இரிக்கிற கதிரையெல்லாம் எனக்கு. மாமி கதவுக்கு அங்கால. மாமா நான் இருமினாலும் எழும்பி நிக்கிறாரு. விருந்துக்கு வந்தவன் மாதிரி, எந்த நேரம் போகச் செல்லுவாங்களோ எண்டு பாத்துக்கிட்டே இரிந்தன். இண்டைக்குத்தான் ஊட்டு ஆள் மாதிரி ஏச்சு வாங்கியிரிக்கன். நீங்க வந்து கூப்பிடுறீங்க."

ஹாஜறா பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள். யாரோடு கோபிப்பது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மகனோடா, சம்மந்தியோடா, ஒரு கடும் வார்த்தை சொல்லாமல் வளர்த்த தன்னோடேயா என்று தெரியாமல் நின்றாள். அந்த நேரம் கதவு திறந்தது. சுபைறா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மருமகன் நிற்கிற முற்றத்துக்கே இறங்கி வந்தாள்.

"வாங்க மதினி, உள்ளுக்கு வந்து இரிங்க" என்றாள். பிறகு தொண்டையைச் செருமி, மகளைத் தேடாமல், நேரே அப்ராசைப் பார்த்து, "மருமகன், தேத்தண்ணி ஊத்தட்டா?" என்றாள்.

"ஓம் மாமி. சீனி கூடப் போட்டு."

வானம் கறுத்துத்தான் இருந்தது. மழை விழவா வேண்டாமா என்று அதற்கும் தெரியவில்லை போலும். ஆதம்பாவா கெப்புப் பக்கம் போனார். மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா, அழுவதா? மருமகனோ மறுபடி தலையை எஞ்சினுக்குள் விட்டுவிட்டான்.

"மாமா, பன்னிரண்டாம் நம்பர் ஸ்பனரத் தாங்க."

ஆதம்பாவா அவசரமாக ஒன்றை எடுத்து நீட்டினார். அப்ராஸ் அதை ஆணியில் வைத்துப் பார்த்தான். சுற்றியது. தலையைத் தூக்கினான்.

"என்ன மாமா இது? பன்னிரண்டு எண்டா இதையா தாற? கண்ணத் திறந்து பாருங்களன்! நெல்லு நனையப்போகுது, கெதியா!"

றஸ்னா திடுக்கிட்டு வாப்பாவைப் பார்த்தாள். ஹாஜறா வாசற்படியில் வைத்த காலை எடுக்காமல் நின்றாள். இந்த ஊரில் எந்த மருமகனும் மாமனாரை இப்படி அதட்டியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

"ஓம் மகன், இந்தா, இந்தா" என்று ஆதம்பாவா குந்தியிருந்து ஸ்பனர்களைக் கிளறினார். பன்னிரண்டு எங்கேயோ அதற்குள்தான் கிடந்தது. கண் நிறைந்துவிட்டதில் எல்லா ஸ்பனரும் ஒரே அளவாகத்தான் அவருக்குத் தெரிந்தன.